மான்டரே விரிகுடாவில் திமிங்கலமும் ஃபோர்ட் ஓர்ட் வீரர்களின் நினைவுகளும்: ஒரு முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவுக்கு இரண்டு காரணங்களுக்காக ஆட்கள் வருகிறார்கள். திமிங்கலம் பார்க்க வருபவர்கள் பலர். ஃபோர்ட் ஓர்ட் படைத்தளத்தில் பயிற்சி பெற்ற தந்தையையோ மாமனாரையோ பக்கத்து வீட்டுப் பெரியவரையோ அழைத்துக்கொண்டு, அவர் இளம் வயதில் ஓடிய மணலை மறுபடி காட்ட வருபவர்கள் சிலர். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இப்படி வருபவர்களுடன் பல முறை சென்றிருக்கிறேன். அவர்கள் ஏமாந்து திரும்பியதற்குக் காரணம் பெரும்பாலும் வேலைகளைச் செய்த வரிசைதான். கடலிலோ அதிர்ஷ்டத்திலோ குறை இருந்ததில்லை.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், பிறகு நாளை

இந்த விரிகுடாவில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு திமிங்கலம் இருக்கும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அது உண்மைதான். ஆனால் எந்தத் திமிங்கலம் என்பதைப் பொறுத்து நீங்கள் நிற்க வேண்டிய இடம், எடுத்துச்செல்ல வேண்டிய பொருள், படகு தேவையா இல்லையா என்பவை எல்லாம் மாறிவிடுகின்றன.

சாம்பல் திமிங்கலங்கள் குளிர்காலத்தில் ஆர்க்டிக் பகுதிக் கடல்களிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா உப்பங்கழிகளை நோக்கித் தெற்கே செல்கின்றன. மான்டரேயைக் கடக்கும் கூட்டம் ஜனவரி நடுவில் உச்சத்தை அடையும். அவை வடக்கே திரும்பும் உச்சம் மார்ச் மாதத்தில் வரும். கன்றுகளுடன் வரும் தாய்கள் எல்லோருக்கும் பின்னால், ஏப்ரல், மே மாதங்களில், கரையை ஒட்டிச் செல்லும். அக்கன்றுகளை வேட்டையாட ஓர்க்கா எனப்படும் கொலைத் திமிங்கலங்கள் வருவதும் அந்த மாதங்களில்தான்.

கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை இங்கே தங்கி இரை தேடும். நீலத் திமிங்கலத்துக்கு ஜூலை முதல் அக்டோபர் வரையிலான காலம் ஏற்றது, ஆனால் எல்லா ஆண்டும் ஒரே அளவில் வருவதில்லை. கிரில் எனப்படும் சிறு இறால் போன்ற உயிர் எங்கே திரள்கிறதோ அங்கே அது போய்விடும்.

இத்தனை உணவு இங்கே சேர்வதற்குக் காரணம் மான்டரே நீரடிப் பள்ளத்தாக்கு. மாஸ் லேண்டிங் துறைமுகத்தின் வாயிலிலேயே தொடங்கி, 3,000 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்கு அது இறங்குகிறது. வசந்த காலத்தில் வடமேற்குக் காற்று கடலின் மேல்நீரை அப்பால் தள்ளும்போது, ஆழத்துக் குளிர்ந்த, சத்து மிக்க நீர் மேலே எழுகிறது. அதில் நுண்பாசி பெருகுகிறது. அதைத் தின்னக் கிரிலும் நெத்திலியும் சேர்கின்றன. அவற்றைத் தின்னத் திமிங்கலம் வருகிறது. வேறெங்கும் கரையிலிருந்து பல மணி நேரம் படகில் போனால்தான் எட்டக்கூடிய ஆழம் இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

முதியவர் ஒருவரை அழைத்து வருவதாக இருந்தால் என் தேர்வு செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபரும். கோடையின் மூடுபனி அப்போது குறையும், கூன்முதுகுகள் இன்னும் இருக்கும், காற்றும் பெரும்பாலும் தணிந்திருக்கும். ஜூலையில் வெயிலை எதிர்பார்த்து அரைக்கைச் சட்டையுடன் வந்து, பனியில் நடுங்கியபடி கடையில் கம்பளிச் சட்டை வாங்குபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

2. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வீரரிடம் கேட்க வேண்டியவை

இதைப் பயணத்தின் போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பெரிய பிழை. ஃபோர்ட் ஓர்ட் 1994 செப்டம்பரில் மூடப்பட்டது. அதன் ஒரு பகுதியில் இன்று பல்கலைக்கழகம் இருக்கிறது. உள்நாட்டுப் பகுதி 2012 முதல் தேசிய நினைவுப் பகுதியாக உள்ளது. கடலோர மணல்மேடுகள் மாநிலப் பூங்காவாகிவிட்டன. படைக்கூடங்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டுவிட்டன. ஆகவே 'போய்ப் பார்த்தால் நினைவு வந்துவிடும்' என்பது நடக்காது. பார்த்து நினைவுகொள்ள வேண்டியது அங்கே இல்லை.

முதலில் ஆண்டைக் கேளுங்கள். 1970களின் நடுப்பகுதி வரை இங்கே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி நடந்தது. வியட்நாம் போரின்போது எண்ணற்ற இளைஞர்கள் இங்கிருந்தே சென்றார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் பெரும்பாலும் 7ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். முன்னவருக்கு இது எட்டு வாரங்கள் வந்துபோன இடம், பின்னவருக்குச் சில ஆண்டுகள் குடும்பத்துடன் வாழ்ந்த இடம். இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க முடியாது.

அடுத்து, எந்தப் பருவம், எந்தச் சுடுதளம், படைக்கூடத்திலிருந்து கடல் தெரிந்ததா என்று கேளுங்கள். வீட்டில் பழைய படங்கள், கடிதங்கள், பயிற்சி நிறைவுப் புத்தகம் இருந்தால் அவற்றின் நகலைக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தைக் கொண்டுவர வேண்டாம். கடற்காற்றும் ஈர மணலும் பழைய தாளுக்கு ஆகாதவை.

சில நேரம் பெரியவர் சொல்லும் இடம் ஃபோர்ட் ஓர்ட்டில் இருக்கவே இருக்காது. களப்பயிற்சிக்காகத் தெற்கே ஹன்டர் லிகெட் தளத்துக்குச் சென்றவர்கள் இரண்டையும் கலந்து நினைவில் வைத்திருப்பார்கள். மான்டரே நகருக்குள் உள்ள பிரசீடியோ என்ற படைத்தளத்தில் மொழிப்பயிற்சி பெற்றவர்களும் உண்டு. இவ்விரண்டு இடங்களும் இன்னும் படையின் பயன்பாட்டில் இருப்பதால், நினைத்தவுடன் உள்ளே நுழைய முடியாது. இதை முன்பே தெளிவுபடுத்திக்கொண்டால் வாயிற்காவலரிடம் நின்று வாதாட வேண்டியிருக்காது.

3. எடுத்துச்செல்ல வேண்டியவை

பைனாகுலர் 7 அல்லது 8 மடங்கு பெரிதாக்குவதாக இருக்கட்டும். 10 மடங்குக்கு மேற்பட்டது கரையில் முக்காலியில் வைத்துப் பார்க்க உதவும். படகில் கை நடுங்கும் அளவு காட்சியும் பெரிதாகி நடுங்குவதால் அதனால் பயனில்லை.

காற்றைத் தடுக்கும் மேலுறை, உள்ளே கம்பளி, தலைக்குல்லாய், வழுக்காத அடிப்பகுதி கொண்ட காலணி ஆகியவை எந்த மாதத்திலும் தேவை. இங்கே கடல்நீரின் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதி 11 முதல் 15 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும். அதன் மேல் வீசி வரும் காற்றும் அதே குளிரைக் கொண்டு வரும்.

குமட்டல் மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படகு ஆடத் தொடங்கிய பிறகு விழுங்கினால் அது வேலை செய்வதற்குள் வயிறு முடிவெடுத்துவிடும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது எடுக்க வேண்டும். இவ்வகை மாத்திரைகளில் பல, கண்ணழுத்த நோயோ புராஸ்டேட் சுரப்பி வீக்கமோ உள்ளவர்களுக்கு ஏற்றவை அல்ல. எழுபதைக் கடந்த ஆண்களில் பலருக்கு இவற்றில் ஒன்று இருக்கும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் பெரியவருக்கு உங்கள் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

4. படகுக்கு முன் ஒரு நாள் கரையில் நில்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். படகுச் சீட்டை முதல் நாளுக்கே எடுத்துவிடுபவர்கள், எதைத் தேடுகிறோம் என்று கண்ணுக்குப் பழகும் முன்னரே கடலில் இருக்கிறார்கள். மூன்று மணி நேரப் படகுப் பயணத்தில் முதல் ஒன்றரை மணி நேரம் 'எங்கே, எங்கே' என்று கேட்பதிலேயே கழிகிறது. கரையில் கால் ஆடுவதில்லை, நேரக் கணக்கும் இல்லை. அங்கே கண் பழகிவிட்டால் மறுநாள் படகில் மற்றவர்களுக்கு முன்பே நீங்கள் காண்பீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பொதுவான பிழை உண்டு. வீரரின் மணல்மேட்டிலேயே நின்று ஜனவரியில் சாம்பல் திமிங்கலத்தையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பார்கள். விரிகுடா ஒரு பிறை போல உட்குழிந்திருக்கிறது, ஃபோர்ட் ஓர்ட் அக்குழிவின் உள்ளே இருக்கிறது. தெற்கே விரையும் சாம்பல் திமிங்கலங்களில் பல அந்தக் குழிவுக்குள் வராமல், பிறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறுக்கே செல்கின்றன. ஆகவே அவற்றைக் காண முனைகளுக்குத்தான் போக வேண்டும்: பசிபிக் குரோவில் உள்ள பாயின்ட் பினோஸ், அதற்குத் தெற்கே பாயின்ட் லோபோஸ், இன்னும் தெற்கே கராபட்டா கடற்கரைப் பாறைகள். கோடையில் கணக்கு மாறும். நெத்திலிக் கூட்டம் கரையை நெருங்கினால் மாஸ் லேண்டிங் முதல் மணல்மேடுகள் வரை எங்கிருந்தும் கூன்முதுகுகளைக் காண முடியும்.

உயரமான இடம் வேண்டும். மணலில் நிற்பவரின் கண்ணுக்குத் தொடுவானம் 5 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரப் பாறையில் நின்றால் 16 கிலோமீட்டர் வரை தெரியும்.

காலையில் செல்லுங்கள். இக்கரை மேற்கு பார்த்தது. காலையில் வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்து, திமிங்கலம் நீருக்கு மேலே வந்து வெளிவிடும் மூச்சு வெண்மையாகத் தெரியும். பிற்பகலில் நீர்ப்பரப்பே கண்ணாடியாகிக் கண்ணைக் கூசச் செய்யும். மேலும், நண்பகலுக்குப் பின் காற்று ஏறினால் அலைமுகடுகள் வெள்ளையாக உடையத் தொடங்கும். கடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தோன்றிய பிறகு மூச்சைப் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம்.

பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டு, முதலில் வெறும் கண்ணால் பாருங்கள். பைனாகுலர் காட்டுவது கடலின் ஒரு சிறு துண்டை. மூச்சு எழுந்து மறையும் சில நொடிகளில் அது வேறு துண்டில் எழுந்திருக்கும். தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே இடமிருந்து வலமாக மெதுவாகக் கண்ணை ஓட்டுங்கள். புகை போன்ற ஒன்று எழுந்து கலைவதைக் கண்ட பிறகே பைனாகுலரைத் தூக்குங்கள்.

5. மூச்சை வைத்து இனத்தை அறிதல்

தொலைவிலிருந்து முதலில் தெரிவது உடலன்று, மூச்சு. ஆகவே படங்களில் உள்ள வாலையும் தலையையும் மனப்பாடம் செய்வதைவிட மூச்சின் வடிவத்தையும் இடைவெளியையும் அறிந்துகொள்வது பயன்தரும்.

சாம்பல் திமிங்கலத்தின் மூச்சு, நேர் முன்னிருந்தோ பின்னிருந்தோ பார்த்தால் இதய வடிவில் பிளந்திருக்கும்; 3, 4 மீட்டர் உயரம் எழும். முதுகுத் துடுப்பு இல்லை. அதன் இடத்தில் வால் வரை வரிசையாகப் புடைப்புகள் இருக்கும். பயணத்தின்போது அது 15 முதல் 30 நொடி இடைவெளியில் மூன்று முதல் ஐந்து முறை மூச்சுவிட்டு, பிறகு 3 முதல் 5 நிமிடம் மூழ்கும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், புதியவர்கள் மூச்சைக் கண்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் திமிங்கலம் ஐந்து நிமிட முழுக்கில் 600 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். கடலைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு, ஜனவரியில் அது இடப்பக்கம் நகர்ந்திருக்கும், மார்ச்சில் வலப்பக்கம். கண்ணை அங்கே முன்கூட்டியே வைத்துக் காத்திருங்கள்.

கூன்முதுகின் மூச்சு குட்டையாகவும் புதர் போலப் பரந்தும் இருக்கும். சில மூச்சுகளுக்குப் பின் முதுகை நன்றாக வளைத்தால் அடுத்து வால் மேலெழும் என்று பொருள். படம் எடுப்பவர்கள் காத்திருக்க வேண்டியது அந்த வளைவுக்காகத்தான். வாலின் அடிப்பகுதியில் உள்ள கறுப்பு வெள்ளைத் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டே தனித்தனித் திமிங்கலங்களை அடையாளம் காண்கிறார்கள்.

நீலத் திமிங்கலத்தின் மூச்சு 9 மீட்டர் வரை நேராகத் தூண் போல எழும். அந்த உயரத்தைக் கொண்டே பெரும்பாலும் அதை அடையாளம் காணலாம்.

மூச்சு எதுவும் தெரியாதபோது பறவைகளைப் பாருங்கள். கூழைக்கடாக்கள் ஓரிடத்தில் திரும்பத் திரும்பத் தலைகீழாய்ப் பாய, கடற்சிங்கங்கள் கூட்டமாகத் துள்ளினால், அடியில் நெத்திலித் திரள் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கால் மணி நேரம் பொறுத்திருப்பது வீண்போவது அரிது.

6. படகு நாள்

மான்டரேயின் மீனவர் துறையிலிருந்தும் மாஸ் லேண்டிங்கிலிருந்தும் படகுகள் புறப்படுகின்றன. மாஸ் லேண்டிங்கிலிருந்து நீரடிப் பள்ளத்தாக்கு அருகில் இருப்பதால் ஆழ்கடலை அடைய எடுக்கும் நேரம் குறைவு. மான்டரேயில் பெரிய படகுகளும், முதியவர்களுக்கு ஏற்ற உட்காரும் வசதியும் கிடைப்பது எளிது. பெரியவர் உடன் இருந்தால் ஏறும் பாலத்தின் சரிவு, படிகள், கழிவறை ஆகியவற்றைத் தொலைபேசியில் கேட்ட பிறகே சீட்டு எடுங்கள்.

காலையின் முதல் பயணத்தையே தேர்ந்தெடுங்கள். காரணம் மேலே சொன்ன காற்றுதான். முந்தின இரவு விரிகுடாவுக்கு வெளியே மிதக்கும் 46042 எண்ணுள்ள அமெரிக்க வானிலை மிதவையின் அளவுகளைப் பாருங்கள். அதில் அலை உயரத்தை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம். 8 அடி உயர அலை 15 நொடிக்கு ஒருமுறை வந்தால் படகு ஊஞ்சல் போல மெதுவாக ஏறி இறங்கும். 5 அடி அலையே 6 நொடிக்கு ஒருமுறை வந்தால் படகை உலுக்கி எடுக்கும். இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கத் தெரியாமல் நல்ல நாளை நீக்கிவிட்டு மோசமான நாளில் ஏறியவர்களை நான் அறிவேன்; அவர்களில் நானும் ஒருவன்.

படகில் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. முகப்பில் காட்சி நன்றாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் அங்கே மிகுதி. உள்ளறைக்குள் போய் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பது குமட்டலை வரவழைக்கும், ஏனெனில் உடல் ஆட்டத்தை உணர, கண் அசையாத திரையைக் காண்கிறது. தொடுவானத்தைப் பார்த்தபடி இருந்தால் கண்ணும் உடலும் ஒத்துப்போகும்.

வழிகாட்டி 'பத்து மணித் திசையில்' என்று அறிவித்தால், படகின் முகப்பைப் பன்னிரண்டாகக் கொண்ட கடிகார முகத்தை மனத்தில் வைத்து இடப்பக்க முன்புறம் பாருங்கள். புதியவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். உடன் வரும் பழைய வீரரோ, அறிவிப்பு முடியும் முன் சரியான திசையில் திரும்பியிருப்பார். இந்த ஒரு விஷயத்தில் படகில் உள்ள எல்லோருக்கும் அவர் ஆசிரியராகிவிடுவது பார்க்க அழகாக இருக்கும்.

படகோட்டி திமிங்கலத்திலிருந்து ஏறத்தாழ 100 கஜம், அதாவது 90 மீட்டர், விலகி நிறுத்துவார். அவை தாமாக நெருங்கினால் இயந்திரத்தைத் தணித்துக் காத்திருப்பார். இன்னும் பக்கத்தில் போகச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள். கடல் பாலூட்டிகளைத் தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டு முதல் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

7. கரையோர உயிர்களும் விலகி நிற்க வேண்டிய தொலைவும்

படகிலிருந்து இறங்கிய பிற்பகலில் உடல் களைத்திருக்கும், திமிங்கலம் தேட ஒளியும் சரியாக இராது. கடல் நீர்நாய்களுக்கும் சீல்களுக்கும் அந்த நேரம் பொருந்தும்.

கடல் நீர்நாய்களை மாஸ் லேண்டிங் துறைமுகத்திலும் அதை ஒட்டிய எல்க்ஹார்ன் உப்பங்கழியிலும் எளிதாகக் காணலாம். மல்லாந்து மிதந்து, வயிற்றின் மேல் கல்லை வைத்துச் சிப்பியை உடைக்கும் ஒலி கரை வரை கேட்கும். கொழுப்புப் படலம் இல்லாத அவ்விலங்கு குளிரை வெறும் மயிரடர்த்தியாலும் ஓயாத தீனியாலும் தாங்குகிறது. தன் எடையில் கால் பங்கு அளவு உணவை ஒவ்வொரு நாளும் தின்ன வேண்டும். நாம் நெருங்கி அதை ஒருமுறை மூழ்க வைத்தால் அது சேமித்த சூட்டையும் ஓய்வையும் செலவழிக்கிறது. ஆகவே கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகில் சென்றால் குறைந்தது ஐந்து கயாக் நீளத் தொலைவில், நேராகச் செல்லாமல் பக்கவாட்டில் கடந்து போங்கள். நீர்நாய் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தாலே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

துறைமுகச் சீல்கள் பசிபிக் குரோவின் சிறு மணற்கரைகளில் வசந்த காலத்தில் குட்டி ஈனும். தனியாகக் கிடக்கும் குட்டியைக் கண்டு கைவிடப்பட்டது என்று நினைத்துத் தூக்க வேண்டாம். தாய் இரை தேடப் போயிருக்கும், மனிதர் சூழ்ந்து நின்றால் திரும்ப அஞ்சும். யானைச்சீல்களுக்கு வடக்கே அன்யோ நுவேவோ அல்லது தெற்கே பியேத்ராஸ் பிளாங்காஸ் வரை வண்டியில் போக வேண்டும். அதற்குத் தனி நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மணலில் கூடு கட்டும் சிறு உப்புக்கொத்திப் பறவை ஒன்று ஃபோர்ட் ஓர்ட் கரையிலும் முட்டையிடுகிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரை கயிறு கட்டி வைத்திருக்கும் பகுதிக்குள் கால் வைக்காதீர்கள். முட்டை மணல் நிறத்திலேயே இருப்பதால், மிதித்த பிறகும் மிதித்தது தெரியாது.

8. மணல்மேட்டில் வீரருடன்

நான் முதன்முதலாக அழைத்துச்சென்றவர் 1968இல் இங்கே பயிற்சி பெற்றவர். நேராகப் படைக்கூடங்கள் இருந்த பகுதிக்கு வண்டியை ஓட்டினேன். அவர் அரை மணி நேரம் வெற்றுத் தரையையும் புதிய கட்டடங்களையும் பார்த்துவிட்டு, 'நான் இங்கே இருந்ததே இல்லை போலிருக்கிறது' என்றார். திரும்பும் வழியில் கடலோரம் நிறுத்தியபோதுதான் முகம் மாறியது. தெற்கே மான்டரேயின் முனை, வடக்கே விரிகுடாவின் மறுகரை மலைகள், இரண்டும் அப்படியே இருந்தன. அவற்றை வைத்து, தாம் நின்ற சுடுதளம் எந்தப் பக்கம் என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு நான் வரிசையை மாற்றிக்கொண்டேன்: முதலில் கடலோரம், பிறகுதான் உள்நாடு.

நெடுஞ்சாலை 1இலிருந்து லைட்ஃபைட்டர் டிரைவ் வழியாக இறங்கி ஃபோர்ட் ஓர்ட் மணல்மேட்டுப் பூங்காவை அடையலாம். அதன் கரை ஏறத்தாழ 4 மைல் நீளம். வெடிபொருள் வைத்திருந்த பழைய பதுங்கறைகள் இன்னும் உள்ளன. இங்கேதான் துப்பாக்கிச் சுடுதளங்கள் கடலை நோக்கி வரிசையாக இருந்தன. குண்டுகளை மணல்மேடுகளே தாங்கின. ஈயம் படிந்த மணலை பிறகு அகற்ற வேண்டியிருந்தது.

மணலில் இறங்கும் முன் ஒரு விதி. குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகக் கூடாது, எதையும் பொறுக்கக் கூடாது. உள்நாட்டுப் பகுதியின் சில இடங்களில் வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. வேலி போட்ட இடங்கள் அதனால்தான் மூடப்பட்டுள்ளன. உலோகத் துண்டு எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே விலகி, 911ஐ அழையுங்கள். 'எனக்கு இது பழக்கம்' என்று குனியும் முதல் ஆள் பெரும்பாலும் வீரராகவே இருப்பார் என்பதால், இதை வண்டியிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுவது நல்லது.

அலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். இக்கரை செங்குத்தாக இறங்குவதால், அமைதியாக இருக்கும் கடலிலிருந்து திடீரென ஒரு பேரலை ஏறி ஆளை இழுத்துவிடும்.

பெரியவரின் நினைவுக்கும் இன்றைய காட்சிக்கும் இடையே வரும் முரணைப் பற்றி ஒன்று. 'நீங்கள் அப்போது திமிங்கலம் பார்த்தீர்களா?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1950களிலும் 60களிலும் இருந்தவர்கள் பலர் இல்லை என்கிறார்கள். மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். வட பசிபிக்கில் கூன்முதுகு வேட்டைக்கு 1966இல்தான் தடை வந்தது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ரிச்மண்டில் திமிங்கல வேட்டை நிலையம் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் வேறு இனங்களைக் கொண்டு இயங்கியது. கடல் நீர்நாய்கள் தெற்கே பிக் சுர் கரையில் எஞ்சிய சிறு கூட்டத்திலிருந்து பெருகி, 1960களில்தான் மான்டரேயை மறுபடி எட்டின. அவர் கண்ட கடல் வெறுமையாகவே இருந்திருக்கலாம். இல்லை என்ற அந்தப் பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு சான்று.

9. நினைவுகளைப் பதிவு செய்தல்

மணல்மேட்டில் ஒலிப்பதிவு செய்யாதீர்கள். காற்று ஒலிவாங்கியில் மோதி எழுப்பும் இரைச்சலைப் பிறகு நீக்க முடியாது. அங்கே படமும் சிறு குறிப்பும் போதும்: எங்கே நின்றார், எதைக் காட்டினார், என்ன சொல் சொன்னார். அன்று மாலையே, கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளோ தங்கும் அறையிலோ, அக்குறிப்புகளை வைத்துக்கொண்டு பதிவைத் தொடங்குங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் இடம் தூண்டிவிட்ட நினைவு மறுபடி அமிழ்ந்துவிடும்.

'அனுபவம் எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நன்றாக இருந்தது' என்று மட்டுமே பதில் வரும். உடல் நினைவில் வைத்திருப்பதைக் கேளுங்கள். காலையில் எழுப்பிய ஒலி எது? மணலில் காலணியுடன் ஓடியபோது எங்கே வலித்தது? மூடுபனியில் இலக்கு தெரியாதபோது என்ன செய்தார்கள்? பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் எந்த ஊர்? இத்தகைய கேள்விகளுக்கு மனிதர்கள் நீண்ட பதில் சொல்கிறார்கள்.

போரில் நடந்ததை நீங்களாகத் தொடாதீர்கள். இங்கிருந்து நேராக வியட்நாம் சென்றவருக்குப் பயிற்சியின் நினைவும் அதற்குப் பின் வந்ததும் ஒரே சரட்டில் கோத்தவை. அவர் தாமாக அங்கே போனால் கூடவே போங்கள், நின்றால் நில்லுங்கள். மௌனம் வந்தால் உடனே அடுத்த கேள்வியை வீசுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பத்து நொடி பொறுத்தால் பெரும்பாலும் முக்கியமானது அதற்குப் பிறகே வரும்.

ஆண்டோ படைப்பிரிவின் எண்ணோ தவறாகத் தோன்றினாலும் இடைமறித்துத் திருத்த வேண்டாம். பிறகு தாள்களுடன் ஒப்பிட்டு, அவர் சொன்னதை ஒரு பக்கமும் நீங்கள் சரிபார்த்ததை மறுபக்கமும் தனித்தனியாக எழுதிவையுங்கள். இரண்டையும் கலந்தால், பின்னால் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு எது யாருடைய சொல் என்று தெரியாது.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000ஆம் ஆண்டு முதல் வீரர்களின் நினைவுகளைத் திரட்டும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அதற்கு அனுப்ப விரும்பினால், பேட்டி குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும். வெட்டி ஒட்டாத முழுப் பதிவாகவும் இருக்க வேண்டும். வீரர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவமும் தேவை. படிவங்களைப் பயணத்துக்கு முன்பே அச்சிட்டு வைத்திருந்து, பேட்டி முடிந்த மேசையிலேயே கையொப்பம் வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போய் அஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லிப் பிரிந்த ஒரு பதிவு இரண்டு ஆண்டுகளாக என் மேசையில் கிடக்கிறது.

வீட்டுக்குத் திரும்பியதும் பதிவின் ஒரு நகலை முதலில் வீரரிடம் கொடுங்கள். அவர் நீக்கச் சொல்லும் பகுதி இருந்தால், எதையும் எங்கும் அனுப்பும் முன்பே அவர் அதைச் சொல்ல வாய்ப்பு இருக்க வேண்டும்.